அர்ஜுன் டாங்கி, தேஜஸ் எஞ்சின், கப்பலூர் ரப்பர்: நாம் எங்கே தடுக்கி நிற்கிறோம்?

கப்பலூர் மோல்டு:

எல்லோருக்கும் வணக்கம். 2025 நவம்பர் 21 அன்று துபாய் விமானக் கண்காட்சியில் நம் தேஜஸ் போர் விமானம் விழுந்ததிலிருந்து எந்தக் குழுவைத் திறந்தாலும் இரண்டே கட்சிதான். நம்மால் இதெல்லாம் ஆகாது என்று ஒரு கட்சி, குறை சொல்கிறவன் நாட்டுக்கு எதிரி என்று இன்னொரு கட்சி. ஒரு விமானியை இழந்திருக்கிறோம். ஏன் விழுந்தது என்பதை விசாரிக்கிறவர்கள் சொல்லட்டும், இந்த இழையில் அதைப் பேச வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நான் பேச நினைப்பது வேறு. அர்ஜுன் டாங்கித் திட்டத்துக்கு 1974ல் 15.5 கோடி ரூபாய் ஒதுக்கி அனுமதி கொடுத்தார்கள். அதில் படைக்குப் போன முதல் ரகம் மொத்தம் 124 வண்டி. நடுவில் ரஷ்ய டி-72 வந்தது, 2001ல் டி-90க்கு ஒப்பந்தம் போட்டார்கள், இரண்டையும் நம் ஆவடியிலேயே உரிமம் வாங்கிக் கட்டினார்கள், இன்று படையில் பெரும்பகுதி அவைதான். ஆவடியில் வடிவமைத்த வண்டி ஓரமாக நிற்க, அதே ஆவடியில் அடுத்தவன் வண்டி வரிசையாக வெளியே வந்தது என்பதை என்னால் லேசில் விட முடியவில்லை.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். வரைபடத்தில் நாம் தோற்கவில்லை. எஞ்சின், வார்ப்பு, கசிவைத் தடுக்கிற சீல், அதிர்வைத் தாங்குகிற புஷ், ரப்பர் என்று போஸ்டரில் வராத பாகங்களில் தோற்கிறோம். அதையும் மீறிச் செய்துவிட்டால் ஆர்டர் தொடர்ந்து வராமல் தோற்கிறோம். நான் மதுரை கப்பலூரில் ரப்பர் பட்டறை வைத்திருப்பவன், என் பக்கத்தை நான் எழுதுகிறேன், மற்றதைத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வைகைக்கரை:

அண்ணே, டாங்கியைப் பற்றி இன்னுமா பேசுவது? உக்ரைனில் தினமும் பார்க்கிறோம். கையால் பூட்டிய ஒரு சின்ன ட்ரோன், அடியில் ஒரு குண்டைக் கட்டி அனுப்புகிறான், பல கோடி ரூபாய் டாங்கி எரிகிறது. ட்ரோனின் ரேடியோவைக் குழப்புகிற ஜாமர் வைத்துத் தடுக்கலாம் என்றார்கள், உடனே மெல்லிய கண்ணாடி இழையைப் பின்னால் விட்டுக்கொண்டே பறக்கிற ட்ரோன் வந்துவிட்டது, அதில் தடுப்பதற்கு ரேடியோவே இல்லை. இப்போதைய அர்ஜுன் மாதிரி 68 டன் இரும்பில் காசைக் கொட்டுவதைவிட அதே காசுக்கு ட்ரோனும் ஏவுகணையும் வாங்குவதுதான் புத்திசாலித்தனம் என்று நினைக்கிறேன்.

பழைய டிரைவர், திருமங்கலம்:

தம்பி, நான் கவசப்படையில் டி-72 ஓட்டினவன், ராஜஸ்தானில் பல வருடம். நீங்கள் பார்த்த வீடியோக்களில் டரெட், அதாவது பீரங்கியோடு சுழல்கிற மேல்கூண்டு, தனியாகப் பிய்த்துக்கொண்டு மேலே பறக்கிறதே, அது ஏன் என்று யாராவது சொன்னார்களா? அந்த ரகத்தில் குண்டை ஏற்ற ஆள் கிடையாது, இயந்திரம்தான் ஏற்றும். அதற்காகக் குண்டுகளையும் வெடிமருந்தையும் டரெட்டுக்குக் கீழே வட்டமாக அடுக்கியிருப்பார்கள், அதற்கு நேர் மேலே கமாண்டரும் கன்னரும் உட்கார்ந்திருப்பார்கள். கவசம் ஒரு இடத்தில் துளைபட்டு அந்த மருந்தில் தீப்பட்டால் எல்லாம் ஒரே நொடியில் முடிந்தது. அமெரிக்க ஆப்ரம்ஸில் குண்டு முக்கால்வாசி டரெட்டின் பின்பக்க அறையில் தனியாக இருக்கும், நடுவில் கனமான கதவு, மேலே வெடிப்பை வெளியே விடுகிற தகடு. அடிபட்டால் வண்டி போகலாம், ஆட்கள் இறங்கி ஓடிவிடலாம். அதனால் எரிந்த டாங்கியை எல்லாம் ஒரே கணக்கில் போடாதீர்கள்.

டாங்கி இல்லாமல் காலாட்படை திறந்த வெளியில் எப்படி முன்னேறும் என்று ட்ரோன் பக்கம் பேசுகிறவர்கள் யாரும் சொல்வதில்லை. ஒரு பதுங்குகுழியில் இயந்திரத் துப்பாக்கி இருந்தால் அதை அங்கேயே நின்று அடித்து அடக்க நேர்க்குழல் பீரங்கி வேண்டும், மழையிலும் புழுதிப் புயலிலும் வேண்டும். அதேசமயம் நீங்கள் சொல்வதில் ஒன்று சரி, ட்ரோனைச் சுடுகிற ஏற்பாடு இல்லாமல் இனி எந்த வண்டியும் வெளியே போகக் கூடாது. 2025 மே மாதம் ஆபரேஷன் சிந்தூரில் மேற்கு எல்லையில் ட்ரோன்களை விழுத்தியதில் எல்-70 பீரங்கிக்குப் பங்கு உண்டு. அது 1960களில் வந்த போஃபர்ஸ் 40 மில்லிமீட்டர் துப்பாக்கி. குழாய் பழசு, ஆனால் குறி பார்க்கிற கருவியும் அதைத் திருப்புகிற மோட்டாரும் இங்கேயே புதிதாகப் போட்டது. மேம்பாடு என்றால் இதுவும்தான்.

ஆரப்பாளையம் பஸ்:

ஐயா ஒரு சந்தேகம். 68 டன் வண்டி நம் ஊர்ப் பாலங்களில் ஏறுமா? கனம் அதிகம் என்றுதான் ராணுவம் வேண்டாம் என்றதாகப் படித்தேன்.

பழைய டிரைவர், திருமங்கலம்:

நல்ல கேள்வி. முதல் அர்ஜுன் 58.5 டன், டி-72 41 டன் சொச்சம், டி-90 46 டன் சொச்சம். பஞ்சாப் பக்கம் கால்வாயும் பாலமும் அதிகம், அங்கே கனமான வண்டி கொண்டுபோவது கஷ்டம், அதில் ராணுவம் சொன்னது நியாயம். ரயில் வேகனிலும் அகலம் இடிக்கும். ஆனால் மணலில் கனம் மட்டும் பார்க்கக் கூடாது, சக்கரங்களைச் சுற்றி ஓடுகிற இரும்புப் பட்டை எவ்வளவு அகலம், தரையில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எவ்வளவு அழுத்தம் என்று பார்க்க வேண்டும். அந்தக் கணக்கில் அர்ஜுனும் டி-72ம் ஏறத்தாழ ஒன்றுதான். அதனால்தான் அவற்றை ஜெய்சல்மேர் பக்கம் வைத்திருக்கிறார்கள். 2010 மார்ச்சில் அர்ஜுனையும் டி-90ஐயும் ராஜஸ்தானில் ஒன்றாக ஓட்டிப் பார்த்தார்கள், அர்ஜுன் நன்றாகவே செய்தது என்று செய்தி வந்தது. மே மாதம் இன்னொரு 124க்கு அனுமதி என்றார்கள். அதற்குப் பிறகு 72 மாற்றம் சேர்த்து எம்கே-1ஏ என்ற அடுத்த ரகம் ஆக்கினார்கள், எடை 68 டன்னுக்குப் போனது, ஒப்பந்தக் கையெழுத்து 2021 செப்டம்பரில்தான் விழுந்தது. 118 வண்டி, 7,523 கோடி ரூபாய்.

கனத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 2020ல் லடாக்கில் டி-72, டி-90 இரண்டையும் மலை மேலே ஏற்றினோம், ஏறியது, ஆனால் அந்த உயரத்தில் காற்று மெலிந்து எஞ்சின் மூச்சு முட்டும். அந்த அனுபவத்தில் பிறந்ததுதான் சோராவர், 25 டன், 105 மில்லிமீட்டர் பீரங்கி. ஆவடியில் இருக்கிற டாங்கி ஆராய்ச்சி நிலையமான சிவிஆர்டிஈ வடிவமைப்பு, எல் அண்ட் டி ஹசீராவில் கட்டியது, 2024 ஜூலையில் காட்டினார்கள், அந்த டிசம்பரிலேயே 4,200 மீட்டருக்கு மேலே சுட்டுப் பார்த்துவிட்டார்கள். நம் ஆட்கள் வேகமாகச் செய்ய முடியாதவர்கள் இல்லை என்பதற்கு இது போதும். ஆனால் அதற்கும் ஜெர்மனி எஞ்சின் போட நினைத்து, ஏற்றுமதி அனுமதி இழுத்ததால் அமெரிக்கக் கம்மின்ஸ் எஞ்சினுக்கு மாற வேண்டி வந்தது.

கப்பலூர் மோல்டு:

ஐயா, எஞ்சினுக்குத்தான் வந்து நிற்கிறது பார்த்தீர்களா. அதை வேறு யாராவது எழுதட்டும், நான் ரப்பரைச் சொல்கிறேன். இதை யாரும் எழுதிப் பார்த்ததில்லை, கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டாங்கி இரும்புச் சக்கரத்தில் ஓடவில்லை. பட்டையின் மேல் உருள்கிற ஒவ்வொரு ரோடு வீலிலும் கெட்டி ரப்பர் ஒட்டியிருக்கும், காற்றடித்த டயர் அல்ல, முழு ரப்பர் வளையம். அர்ஜுனில் ஒரு பக்கத்துக்கு ஏழு வீல் இடங்கள், ஆக மொத்தம் 14. 68 டன்னைப் பிரித்தால் ஒரு இடத்துக்கு ஏறக்குறைய 5 டன், அதுவும் நின்றால்தான். ஒரு மேட்டில் ஏறி இறங்கும்போது முன் வீல்களில் அதைவிடப் பல மடங்கு விழும். ரப்பர் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி விரிகிறது, நசுக்கக் கொடுத்த சக்தி முழுக்கத் திரும்பி வராது, மீதி வெப்பமாக உள்ளேயே தங்கும். ரப்பர் வெப்பத்தைக் கடத்தாது. அதனால் வெளியே கை வைத்தால் சூடாக இருக்கிறது என்று தோன்றும்போதே, நடுவில் அது வெந்து பிசினாகிக்கொண்டிருக்கும். அப்புறம் ஒரு நாள் துண்டாகப் பிய்ந்து தெறிக்கும், இல்லையென்றால் இரும்பை விட்டு முழு வளையமாகக் கழன்றுவிடும். ராஜஸ்தானில் ஜூன் மாத மணலில் வேகமாக ஓட்டினால் இது சீக்கிரம் நடக்கும்.

இதைச் சரி செய்ய காம்பவுண்டில், அதாவது ரப்பர் கலவையில், கை வைக்க வேண்டும். தேய்மானம் குறைய நுண்ணிய கார்பன் பிளாக் என்ற கரித்தூள் போட்டால் உள்சூடு ஏறும். சூடு குறைய இயற்கை ரப்பரை அதிகமாக்கி, கார்பனைக் கொஞ்சம் பெரிய ரகமாக மாற்றினால் கல்லில் அறுபடும். இரண்டுக்கும் நடுவே ஒரு இடம் பிடிக்க வேண்டும், புத்தகத்தில் இருக்காது, மில்லில் ஓட்டி ஓட்டித்தான் பிடிக்க முடியும். அதன் பிறகு பாண்டிங், ரப்பரை இரும்பில் ஒட்டுவது. ரிம்மை மணல் அடித்துச் சுத்தம் செய்து, கை படாமல், ஈரம் படாமல், பிரைமர் ஒரு கோட், அது காய்ந்து அதன் மேல் ஒட்டுப் பூச்சு ஒரு கோட், அப்புறம் பிரஸ்ஸில் வைத்து க்யூரிங், அதாவது சூட்டில் இறுக வைப்பது. பூச்சு அடித்துவிட்டுப் பையன் வியர்வைக் கையால் தொட்டுவிட்டால் அந்த விரல் பட்ட இடத்தில்தான் பின்னால் கழலும். எங்கள் பட்டறையில் ரப்பரை இரும்பிலிருந்து உரித்துப் பார்க்கிற பீல் டெஸ்ட் போடும்போது ரப்பர் நடுவில் கிழிய வேண்டும், இரும்பு பளபளவென்று தெரிந்தால் அந்த லாட்டையே ஒதுக்கிவிடுவோம்.

அர்ஜுனின் சஸ்பென்ஷனும் இதே கதைதான். டி-72ல் டார்ஷன் பார், முறுக்குக் கம்பி. அர்ஜுனில் எண்ணெயும் நைட்ரஜனும் அடைத்த ஹைட்ரோகேஸ் யூனிட், ஓடும்போது ஆட்டம் குறைவு, ஓடிக்கொண்டே குறி தவறாமல் சுடுவதற்கு அது பெரிய உதவி. ஆனால் அவ்வளவு அழுத்தத்தில் எண்ணெயையும் வாயுவையும் பிடித்து வைத்திருப்பது உள்ளே இருக்கிற சீல். பாலைவனத்து இரவுக் குளிரில் இறுகாமல், பகல் சூட்டில் இளகாமல், மணல் நுழையாமல் அது நிற்க வேண்டும். சீல் போனால் வீல் தொங்கிவிடும், வண்டி நின்றுவிடும்.

மதுரையைச் சுற்றி இந்த வேலை தெரிந்த கைகள் எத்தனை இருக்கின்றன! கப்பலூர், புதூர் எஸ்டேட்டுகளில் தெருவுக்குத் தெரு ரப்பர் பட்டறை, மேலூர் ரோட்டில் வெள்ளரிப்பட்டியில் டயர் தொழிற்சாலை, குமரி மாவட்ட ரப்பர் ஒரே இரவில் வந்து இறங்கும். இவ்வளவும் இருந்து, ராணுவத் தளவாடத் தொழிலுக்காக அரசு அறிவித்த தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் துறை வழித்தடத்தில் சென்னை, ஓசூர், கோவை, சேலம், திருச்சி என்று ஐந்து ஊர், மதுரை இல்லை. 2019 ஜனவரியில் அதைத் திருச்சியில் தொடங்கி வைத்தவர் மதுரையில் பிறந்த நிர்மலா சீதாராமன்.

சூலூர் பக்கம்:

நான் அழகர்கோவில் ரோட்டுப் பெண், இப்போது கோவையில் விமான உதிரி பாகம் செய்கிற இடத்தில் வேலை. சூலூர் விமானப்படைத் தளத்தில் தேஜஸ் இரண்டு ஸ்குவாட்ரன், அதாவது இரண்டு படைப்பிரிவு, வந்தது தெரியும்தானே, 45வது பெங்களூரிலிருந்து மாறி வந்தது, 18வது 2020 மே 27ல் இங்கேயே தொடங்கியது. மேலே போகும்போது சத்தத்திலேயே அடையாளம் தெரியும். அந்த எஞ்சின் அமெரிக்காவுடையது என்பதுதான் மனசில் உறுத்தும்.

தேஜஸுக்காக நாமே செய்யத் தொடங்கிய காவேரி எஞ்சினுக்கு 1989ல் அனுமதி. 81 கிலோநியூட்டன் உந்துவிசை இலக்கு. எடை கூடியது, விசை குறைந்தது, 2004ல் ரஷ்யாவில் உயரப் பறக்கிற சோதனையில் தேறவில்லை, 2008ல் தேஜஸிலிருந்து பிரித்துவிட்டார்கள். இதைச் சொல்லிச் சிரிப்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான், டர்பைன் பிளேடு எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்திருக்கிறீர்களா? அதன் மேல் படுகிற வாயுவின் வெப்பம், பிளேடு செய்த உலோகம் உருகுகிற வெப்பத்தைவிட அதிகம். உருகாமல் நிற்பதற்குக் காரணம், உள்ளே குடைந்த மெல்லிய வழிகளில் காற்று ஓடி, ஊசித் துளை வழியாக வெளியே வந்து பிளேடைப் போர்த்திக்கொள்வது. உலோகத்தையும் சாதாரணமாக வார்க்க முடியாது. சாதாரண வார்ப்பில் மணி மணியாக உறையும், அந்த மணிகள் சேருகிற கோட்டில்தான் சூட்டில் இழுபட்டு விரிசல் விடும். அதனால் அச்சை அடுப்பிலிருந்து மெதுவாகக் கீழே இறக்கி, ஒரு முனையிலிருந்து ஒரே படிகமாக வளர்க்கிறார்கள். ஹைதராபாத்தில் இருக்கிற உலோக ஆராய்ச்சிக்கூடமான டிஎம்ஆர்எல் இதைப் பிடித்து, 2021 ஏப்ரலில் ஹெலிகாப்டர் எஞ்சினுக்காக 60 பிளேடு, விமானம் கட்டுகிற எச்ஏஎல்லுக்குக் கொடுத்தார்கள். உலகத்தில் விரல் விட்டு எண்ணக்கூடிய நாடுகளுக்குத்தான் இது தெரியும். சீனாவின் ஜே-10 கூட பல வருடம் ரஷ்ய எஞ்சினில்தான் பறந்தது. ஆஃப்டர்பர்னர் (பின்னால் கூடுதல் எரிபொருளை எரித்து விசையைக் கூட்டுகிற பகுதி) இல்லாத காவேரியை ஆளில்லா விமானத்துக்குக் கொண்டுபோகும் வேலை நடக்கிறது, அதைக் கைவிடாமல் இருந்தாலே போதும்.

கப்பலூர் அண்ணன் சொன்ன ஆர்டர் விஷயத்துக்கு, தேஜஸில் இருக்கிற அந்த அமெரிக்க எஞ்சின் எஃப்404 நல்ல உதாரணம். முதல் தேஜஸ்களுக்கு 65 எஞ்சின், 2016ல் கொடுத்து முடித்தார்கள். அடுத்த ஆர்டர் இல்லை, அதைச் செய்கிற ஜிஇ நிறுவனம் அந்த லைனை மூடிவிட்டது. 2021 பிப்ரவரியில் 73 தேஜஸ் எம்கே-1ஏ போர் விமானமும் 10 பயிற்சி விமானமும் வாங்க ஒப்பந்தம், ஆகஸ்டில் 99 எஞ்சின் ஆர்டர். மூடின லைனைத் திறந்து, சப்ளையர்களை மறுபடி பிடித்து, முதல் எஞ்சின் கைக்கு வந்தது 2025 மார்ச்சில். ஆறு மாதத்தில் இன்னொரு 97 விமானத்துக்கும் கையெழுத்துப் போட்டுவிட்டோம். அமெரிக்க நிறுவனத்துக்கே லைன் மூடினால் இந்த நிலைமை என்றால் பத்துப் பேர் வேலை செய்கிற நம் ஊர் பட்டறை என்ன ஆகும்?

பரங்குன்றம் மெக்கானிக்கல்:

அக்கா, நான் மூன்றாம் வருடம் மெக்கானிக்கல். காலேஜில் எல்லோரும் சாஃப்ட்வேர் பக்கம்தான் போகிறார்கள். எஞ்சின் பக்கம் வர எதைப் படிக்க வேண்டும்?

சூலூர் பக்கம்:

தம்பி, மெட்டலர்ஜி. வெப்பப் பரிமாற்றமும் சேர்த்து. வடிவமைக்க ஆள் கிடைக்கிறது, வார்ப்பைத் தெரிந்து ஏன் விரிசல் விட்டது என்று நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்கிற ஆள்தான் கிடைப்பதில்லை. எக்ஸ்ரே, அல்ட்ராசோனிக் சோதனைச் சான்றிதழ் கையில் இருந்தால் என் பக்கத்திலேயே வேலைக்கு எடுப்பார்கள்.

வைகைக்கரை:

சரி, ஆர்டர் கொடுக்கவில்லை என்று ராணுவத்தையும் விமானப்படையையும் குறை சொல்வது நியாயமா? நாளைக்குச் சண்டை என்றால் அதற்குள் உட்காரப் போவது அவர்கள்தானே.

பழைய டிரைவர், திருமங்கலம்:

இந்த இடத்தில் தம்பி பக்கம்தான் நான். பயிற்சியில் வண்டி நடுவழியில் நின்றால் அந்த வெயிலில் இறங்கி, பட்டையைக் கோக்கிற டிராக் பின் அடிப்பது நாங்கள். நின்ற வண்டி போரில் செத்த வண்டி. அதனால் நாட்டுத் தயாரிப்பு என்பதற்காகப் பாதி வெந்ததைத் தலையில் கட்டாதீர்கள் என்று நாங்கள் சொன்னது தப்பில்லை. ஆனால் அதே கண்டிப்பு வெளிநாட்டு வண்டிக்கும் இருந்ததா? ஆரம்பத்தில் வந்த டி-90களில் இரவுப் பார்வைக் கருவி நம் வெயிலில் தகராறு செய்தது, அதைத் திருப்பி அனுப்பவில்லை, வைத்துக்கொண்டுதான் சரி செய்தார்கள். அந்தப் பொறுமையில் பாதியை ஆவடிக்குக் கொடுத்திருக்கலாம். ரஷ்யாக்காரன் முதல் நாளே நல்ல வண்டி செய்யவில்லை, நூற்றுக்கணக்கில் படையில் ஓடவிட்டு, குறையை வாங்கி வாங்கித் திருத்தினான். 124 வண்டியை இரண்டு ரெஜிமென்டில் வைத்துவிட்டு அதில் உதிரி பாகம் இல்லை என்று குறை சொன்னால், அவ்வளவு குறைந்த எண்ணிக்கைக்கு யார் உதிரி செய்வான்?

அர்ஜுனுக்கு ஜெர்மன் எம்டியூ எஞ்சினையே நம்பி இருந்ததும் தப்பு. 1,400 குதிரைத்திறன், நல்ல எஞ்சின்தான். இப்போது 1,500 குதிரைத்திறனில் நம்முடையதை மைசூரு பெமல் ஆலையில் 2024 மார்ச் 20ல் முதல் தடவை ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். இருபது வருடம் முன்னால் செய்திருக்க வேண்டியது.

கப்பலூர் மோல்டு:

உதிரி யார் செய்வான் என்று கேட்டதற்கு என் அனுபவத்தையே சொல்கிறேன். பெயர் வேண்டாம், ஒரு பெரிய இடத்துக்காக ஒரு ரப்பர் புஷ் மாதிரி செய்து கொடுத்தோம். மோல்டு எங்கள் செலவு, ஆய்வகச் சோதனை எங்கள் செலவு. சோதனையில் பாஸ். பாராட்டி ஒரு கடிதம் வந்தது. அதற்குப் பிறகு ஆர்டர் வரவே இல்லை, கேட்கும்போதெல்லாம் கோப்பு நகர்கிறது என்றார்கள். மோல்டு இன்னும் ரேக்கில் எண்ணெய் தடவி இருக்கிறது. அதைச் செய்த பையன் வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விட்டான், அவன் கையில் இருந்த கணக்கும் அவனோடு போய்விட்டது. எனக்கு நஷ்டம் என்பதைவிட இதுதான் வலிக்கிறது. அடுத்த தடவை அவசரம் என்று கேட்டால் நான் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

சூலூர் பக்கம்:

அண்ணே, ஒரே வழியை நம்பாதீர்கள். ஸ்ரீஜன் என்று பாதுகாப்பு அமைச்சகம் 2020ல் தொடங்கிய இணையதளம் இருக்கிறது, இறக்குமதி ஆகிற உதிரிகளை அதில் போடுகிறார்கள், ரப்பர் சாமானும் அதில் வரும். அதில் பார்த்து உங்கள் விருப்பத்தைப் பதிவு செய்யலாம். புதிதாக ஏதாவது உருவாக்க ஐடெக்ஸ் என்ற அரசுத் திட்டம் இருக்கிறது, சின்ன நிறுவனத்துக்கும் நிதி கொடுப்பார்கள். ஆவடி தொழிற்சாலை 2021 அக்டோபரிலிருந்து ஏவிஎன்எல் என்ற நிறுவனத்தின் கீழ், அங்கே வெண்டர் பதிவு தனி. வழித்தடத்தில் மதுரை பெயர் இல்லை என்பதால் சப்ளை செய்யக் கூடாது என்று ஒன்றும் இல்லை. ஆனால் சோதனைக்கூடம் பக்கத்தில் இல்லாவிட்டால் ஒவ்வொரு மாதிரிக்கும் சென்னைக்கோ கோவைக்கோ அலைய வேண்டும். நாலைந்து பட்டறை சேர்ந்து புதூரிலோ கப்பலூரிலோ ஒரு பொதுச் சோதனைக்கூடம் கேளுங்கள், அதைத்தான் நான் முதலில் கேட்பேன்.

பழைய டிரைவர், திருமங்கலம்:

அந்தக் கோரிக்கை மனுவை எழுதினால் என் கையெழுத்தும் போடுகிறேன், எங்கள் முன்னாள் படைவீரர் சங்கத்திலும் பேசுகிறேன். கப்பலூர் தம்பி, ஒரு விஷயம். எங்கள் வண்டிகளில் ரோடு வீல் ரப்பர் பிய்வது பெரும்பாலும் உள்பக்க ஓரத்தில்தான் ஆரம்பிக்கும். பட்டையின் நடுவே நிமிர்ந்து நிற்கிற வழிகாட்டிப் பல் அங்கேதான் உரசும், அந்தக் கீறலில் மணல் ஏறி உட்கார்ந்துகொள்ளும், அப்புறம் ஒவ்வொரு சுற்றிலும் அதுவே நெம்பும். நீங்கள் பீல் டெஸ்ட் நேரான பட்டியில்தானே போடுகிறீர்கள்? ஓரத்தில் போட்டுப் பாருங்கள், மணலையும் வைத்துப் பாருங்கள்.

கப்பலூர் மோல்டு:

ஐயா, இது எந்த ஸ்பெக்கிலும் நான் பார்க்காதது. ஓரத்தை வளைவாக மாற்றி இரண்டு மாதிரி போடுகிறேன், ரிம்மின் உள்பக்கம் பூச்சு எவ்வளவு தூரம் இறங்க வேண்டும் என்பதையும் பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பட்டறை திறந்துதான் இருக்கும், வர முடியுமா? டோல்கேட் தாண்டி வந்து போன் பண்ணுங்கள், பையனை அனுப்புகிறேன்.

பழைய டிரைவர், திருமங்கலம்:

வருகிறேன். காலையிலேயே வருகிறேன், பரங்குன்றம் தம்பியையும் வரச் சொல்லுங்கள்.